நாற்பத்திரண்டு விநாடி

கமருன்னிஸா மேடத்திடம் நான் கொடுத்த ஒரு பக்கத்தில் பொய் எதுவும் இல்லை. ஆண்டு முடிவில் எல்லோரும் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்றார். ஸ்பானிஷில் எங்கே தொடங்கினோம், இப்போது எங்கே நிற்கிறோம், தமிழிலேயே எழுதலாம் என்றார். ஜூலையில் வணக்கம் சொல்லக்கூடத் தெரியாது, இந்த ஏப்ரலில் நூற்றுக்கு எண்பத்தொன்று, இரண்டு நிமிடம் தடுமாறாமல் பேசுகிறேன் என்று எழுதினேன். சிவப்பு மையில் 'நல்ல முன்னேற்றம், செவ்வந்தி' என்று போட்டுத் திருப்பிக் கொடுத்தார். கிழித்துப் போட நினைத்தேன், கை வரவில்லை. நான்காக மடித்துப் பையில் வைத்திருக்கிறேன். அதில் எழுதாததை இங்கே எழுதுகிறேன்.

மன்னார்குடியில் எங்களுடையது பெண்கள் கல்லூரி. நான் பி.காம். இரண்டாம் வருடம். சென்னையில் ஸ்பானிஷ் தெரிந்தால் கம்பெனிகளில் கூப்பிட்டு வேலை தருகிறார்கள் என்று யாரோ சொல்ல, நிர்வாகம் வாரம் மூன்று மணி நேர வகுப்பு ஒன்றை ஆரம்பித்தது. கமருன்னிஸா மேடம் கணவரின் வியாபாரத்துக்காகப் பத்து வருடம் பனாமாவில் இருந்தவர். முதல் நாளே கரும்பலகையில் ஐந்து வாக்கியம் எழுதிப் போட்டார். வணக்கம், என் பெயர் இன்னது, நான் மாணவி, எனக்குப் புரியவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு பாடம் முடிந்ததும் 'புரிந்ததா?' என்று ஸ்பானிஷில் கேட்பார். நாங்கள் நாற்பது பேரும் 'சி, சி' என்போம். 'சி' என்றால் ஆமாம். பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது. புரியவில்லை என்று சொல்லத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார், அதை யாரும் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்திலிருந்தே எங்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

வீட்டில் நான் அடித்த கூத்துக்கு அளவில்லை. சோறு தின்னும்போது ஸ்பானிஷ், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது ஸ்பானிஷ். ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணிவிட்டு, பெரிய வாக்கியம் பேசிய மாதிரி தலையை ஆட்டுவேன். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை. அப்பா டீக்கடையில் போய், என் பெண் வெள்ளைக்காரன் பாஷை பேசுகிறாள் என்று சொல்லி வைத்திருந்தார்.

அப்பா பெயர் இராஜாங்கம். அவருடைய அப்பா பண்ணையாள். எங்கள் ஊர் வடக்குவெளி முழுவதும் ஒரே மிராசுதாரிடம் இருந்தது. உச்சவரம்புச் சட்டத்தை ஏமாற்ற வேலைக்காரன் பேரிலும் செத்தவன் பேரிலும் எழுதி வைத்திருந்தார். பதினெட்டு வயதில் அப்பா விவசாயச் சங்கத்துக் கொடியோடு அந்த வயலில் இறங்கி நின்றார். அடி, கேஸ், ஜெயில் எல்லாம் பார்த்து, பட்டா கைக்கு வரும்போது அவருக்கு முப்பத்தொன்று. பத்துக் குடும்பத்துக்குத் தலைக்கு ஐந்து மா. ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. எங்கள் வரப்பை ஒட்டி மெஹராஜ் மாமியின் நிலம். அவர் கணவர் லியாகத் அலி மஸ்கட்டில் உழைத்து வாங்கியது. ஆக வடக்குவெளியில் பதினோரு குடும்பம்.

2017 ஆவணியில் எங்கள் வயல்களில் திடீரென்று சிவப்புத் துணி கட்டிய குச்சிகள் முளைத்தன. எரிவாயுக் குழாய் பதிக்கப் போவதாகப் பேச்சு, வாய்க்கால் ஓரமாகத்தான் என்று சிலர், வயலுக்குள்ளே என்று சிலர். ஆண்டவர்களும் ஆளப் போகிறவர்களும் டெல்டாவைக் காப்போம் என்று ஒரே சுவரில் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்த காலம் அது. குச்சி எதற்கு என்று கேட்டால் கம்பெனி சூப்பர்வைசர் நாகநாதன், சும்மா சர்வேதான் என்பார். எங்கள் ஆட்கள் பத்துப் பேர் திங்கட்கிழமை திருவாரூர் போய் கலெக்டர் ஆபீசில் விசாரிப்பது என்று சங்கத்தில் முடிவாகியிருந்தது.

அதற்கு இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை காலை, நாகநாதனோடு ஜீப்பில் ஒரு வெளிநாட்டு ஆள் வந்து இறங்கினார். வெயிலில் கன்றிய முகம், மஞ்சள் ஹெல்மெட். குச்சிகளுக்கு நடுவே நடந்துகொண்டே போனில் பேசினார். நான் அப்பாவுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் போனில் 'சி, சி' என்றது என் காதில் விழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இத்தனை பெரிய உலகத்தில் நான் படிக்கிற பாஷையைப் பேசுகிறவன் எங்கள் வரப்பில் வந்து நிற்கிறான்! அப்பாவிடம் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எல்லோரையும் கூப்பிட்டார். பதினோரு குடும்பத்து ஆட்களும் கூடிவிட்டார்கள். மெஹராஜ் மாமி, கணவருக்கு அனுப்பலாம் என்று போனைத் தூக்கி வீடியோ எடுத்தார்.

நான் முன்னால் போய் வணக்கம் சொன்னேன். பெயர் சொன்னேன், மாணவி என்றேன். அந்த ஆள் அப்படியே நின்றுவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றினார். நெஞ்சில் கை வைத்துத் தன் பெயர் ராமிரோ என்றார். பிறகு நாகநாதனை ஒரு முறை பார்த்துவிட்டு, சிரித்த முகத்தோடு என்னிடம் வேகமாகப் பேச ஆரம்பித்தார். எனக்கு ஒரு எழவும் புரியவில்லை. வகுப்பில் மேடம் பேசுகிற ஸ்பானிஷ் வேறு, இது வேறு. ஆனால் என் பின்னால் ஊரே நிற்கிறது. நான் தலையை ஆட்டினேன். அவர் முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டார். நான் 'சி, சி' என்றேன். அவர் பெருமூச்சு விட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஜீப்புக்குப் போனார்.

"என்னா சொல்றாரு பாப்பா?" என்றார் அப்பா.

திரும்பிப் பார்த்தேன். நாற்றங்காலில் நாற்றுக்கு இருபத்தெட்டு நாள் ஆகியிருந்தது. அந்த வருடம் ஆற்றில் முறை வைத்துத்தான் தண்ணீர். எங்கள் வாய்க்காலுக்கு முறை ஞாயிறு மாலை தொடங்கி நாலே நாள். அதற்குள் நடாவிட்டால் அடுத்த முறைக்குள் நாற்று முற்றிப் போகும். திங்கட்கிழமை பத்துப் பேர் திருவாரூர் போனால் ஒரு நாள் நடவு போச்சு. அத்தனை முகமும் என்னிடமிருந்து ஒரே ஒரு பதிலைத்தான் கேட்டன. எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. ஸ்பானிஷ் தெரியாவிட்டால் என்ன, அந்த முகங்களைப் படிக்கத் தெரியுமே.

"வாய்க்கா ஓரமாத்தான் குழாய் போவுதாம்ப்பா. வயல்ல கை வைக்க மாட்டாங்களாம். தைரியமா நட்டுக்குங்கன்னு சொல்றாரு."

நாகநாதன் இன்னும் ஜீப்பில் ஏறவில்லை. நான் சொன்னது அவர் காதில் விழுந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் ஏறிப் போய்விட்டார். கூலி இல்லாமல் அவர் வேலையை நான் செய்து கொடுத்திருக்கிறேன், அவர் ஏன் மறுக்கப் போகிறார்?

திருவாரூர்ப் பயணம் நின்றது. எல்லோரும் நடவில் இறங்கினார்கள். மெஹராஜ் மாமி அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு ஒரு தூக்கில் பிரியாணி கொடுத்தனுப்பினார். வீடியோவையும் எனக்கு அனுப்பினார். நாற்பத்திரண்டு விநாடி. அதை வகுப்புத் தோழிகளிடம் போட்டுக் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டேன். அந்த நாலு நாளும் நடவு நடுகிற பெண்களின் பாட்டு வீடு வரை கேட்டது. நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அக்டோபரில் எண்கள் பத்தைத் தாண்டி நூறு வரை போயின. பஸ்ஸில் வீடு திரும்பும்போது காதில் மாட்டி அந்த வீடியோவைக் கேட்டேன். முன்பு வெறும் சத்தமாக இருந்ததில் ஓர் இடத்தில் 'முப்பது' என்று தெளிவாகக் கேட்டது. முப்பது அடியா, முப்பது குழாயா, முப்பது ஆளா? எதுவானாலும் நான் சொன்ன மொழிபெயர்ப்பில் முப்பது இல்லை. காதில் மாட்டியதைக் கழற்றிவிட்டேன். மேடத்திடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கலாம். ஐந்து நிமிட வேலை. அவர் கேட்டுவிட்டு என்னைப் பார்க்கிற பார்வையை நினைத்து, காட்டாமல் விட்டேன். அதன்பின் அந்த வீடியோவைத் திறக்கவே இல்லை. திறக்காவிட்டால் அது ஒன்றும் சொல்லாது என்று நினைத்துக்கொண்டேன்.

மார்கழி பிறந்து நாலாம் நாள் பொக்லைன் வந்தது. பயிர் பால் பிடித்துக் கதிர் தலை சாயத் தொடங்கியிருந்தது. இரண்டு வேன் போலீஸ் வந்திருந்தது. அப்பாவும் மற்றவர்களும் இயந்திரத்துக்கு முன்னால் படுத்தார்கள், தூக்கி வேனில் போட்டார்கள். பச்சைப் பயிரோடு மண்ணைப் புரட்டிப் போட்டபோது எழுந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. பால் வாசனை. மெஹராஜ் மாமி வரப்பில் உட்கார்ந்து மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டு அழுதார். எங்கள் ஐந்து மாவில் மூன்று மா வால்வு நிலையத்துக்கென்று வேலி போட்டு எடுத்தார்கள். மீதி இரண்டு மாவில் தோண்டிய களியைக் கொட்டினார்கள். அதில் இனி கோரை கூட முளைக்காது.

அப்பா பதினைந்து நாள் திருச்சி ஜெயிலில் இருந்தார். வெளியே வந்ததும் சங்கத்து வக்கீல் எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்டார். ஆட்சேபணை சொல்ல இருபத்தொரு நாள் இருந்ததே, வி.ஏ.ஓ. ஆபீஸ் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்ததே, ஏன் ஒருத்தர்கூட எழுதிக் கொடுக்கவில்லை? யாரும் அந்தக் கதவைப் பார்க்கவில்லை. கொசு மருந்து, ரேஷன் அட்டை என்று பழைய தாள்களாக ஒட்டிக் கிடக்கிற கதவு அது. குழாய் வாய்க்கால் ஓரமாகப் போகிறது என்று கம்பெனி வெள்ளைக்காரன் வாயாலேயே சொன்னான், நம்பிவிட்டோம் என்றார்கள். வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். தும்பை விட்டு வாலைப் பிடிக்கச் சொல்கிறீர்கள் என்றார்.

ஊர் முழுக்கக் கோபம் ராமிரோ மேல் திரும்பியது. பொங்கலுக்கு மறுநாள் வைக்கோலில் பொம்மை செய்து, அதற்கு மஞ்சள் பெயிண்ட் அடித்த சட்டியைக் கவிழ்த்து ஹெல்மெட் ஆக்கி, பொய் சொன்ன வெள்ளையன் ஒழிக என்று ஊர்வலம் போய் பஸ் நிறுத்தத்தில் கொளுத்தினார்கள். நானும் நின்று பார்த்தேன். மெஹராஜ் மாமி என் தோளைப் பிடித்துக்கொண்டு, "சின்னப் புள்ளைய ஏமாத்திட்டான் பாவி. நீ என்னம்மா பண்ணுவே" என்றார். அந்தக் கை தோளில் இருந்த நேரம் முழுக்க நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

அன்றிலிருந்து தினமும் பஸ்ஸில் அந்த வீடியோதான். இனி திறக்காமல் இருப்பதில் ஒரு பயனும் இல்லை. என் ஸ்பானிஷ் முன்னேறியது முழுக்க அந்த நாற்பத்திரண்டு விநாடியால்தான். மற்றவர்கள் பரீட்சைக்குப் படித்தார்கள். ஜனவரியில் 'தாள்', 'கதவு' இரண்டும் பிடிபட்டன. பிப்ரவரியில் 'வயல்', 'நடுவில்'. ஒவ்வொரு வார்த்தையும் பிடிபடும்போது முதலில் ஒரு சந்தோஷம் வரும், அடுத்த நொடியே அது செத்துவிடும். மார்ச்சில் ஒரே ஒரு வரி மட்டும் மிச்சம். அதைக் கேட்டபடியே எழுதி மேடத்திடம் கொண்டுபோனேன். அவர் படித்துவிட்டு, 'என் அப்பாவின் நிலமும் இப்படித்தான் போனது' என்று இதற்கு அர்த்தம் என்றார். இது எங்கே கிடைத்தது என்று கேட்டார். ஒரு வீடியோவில் என்றேன். நல்ல பயிற்சி, இப்படித்தான் படிக்க வேண்டும் என்று வகுப்பில் எல்லோருக்கும் சொன்னார்.

இப்போது எனக்கு முழுவதும் தெரியும். ராமிரோ சொன்னது இது:

"சிரித்துக்கொண்டே கேள். இவர்களுக்கு நாம் பேசுவது புரியாது. குழாய் வாய்க்கால் ஓரமாகப் போகவில்லை. வரைபடம் பார்த்தேன், இந்த வயல்களின் நடுவில்தான் போகிறது. உங்கள் ஊர் அலுவலகக் கதவில் தாள் ஒட்டியிருக்கிறார்கள். முப்பதாம் தேதிக்குள் எல்லோரும் எழுதிக் கொடுங்கள். அந்தத் தேதி தாண்ட வேண்டும் என்றுதான் இவர்கள் காத்திருக்கிறார்கள். என் அப்பாவின் நிலமும் இப்படித்தான் போனது. புரிந்ததா?"

கடைசி வார்த்தை மட்டும் அன்றைக்கே எனக்குப் புரிந்திருந்தது. மேடம் தினமும் கேட்கிற கேள்விதானே. அதற்குத்தான் நான் 'சி, சி' என்றேன்.

ஏப்ரல் முதல் ஞாயிறு அப்பாவிடம் சொன்னேன். அவர் இப்போது கூலிக்குப் போகிறார். யார் வயலில் வேலை என்று காலையில் டீக்கடை வாசலில் நின்று கேட்கிறார். ஐம்பத்தெட்டு வயதில், அவர் அப்பா நின்ற அதே இடத்தில். அன்று வேலை கிடைக்காமல் கொல்லையில் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் பிடி செதுக்கிக்கொண்டிருந்தார். நான் வீடியோவைப் போட்டு, நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். அவர் செதுக்குவதை நிறுத்தவில்லை. முடிந்ததும் இன்னொரு தரம் போடச் சொன்னார். போட்டேன்.

"அந்த ஆளு பேரு என்னா?"

"ராமிரோ."

"அவரப் போய்க் கொளுத்துனோமே" என்றார்.

மண்வெட்டிப் பிடியைக் கீழே வைத்தார். பிறகு வீடியோவை அழித்துவிடச் சொன்னார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். நாற்பது வருடம் சங்கத்துக் கூட்டத்தில் எழுந்து நின்று ஒரு பொய் சொன்னதில்லை என்று எதிரியும் ஒத்துக்கொள்கிற ஆள்.

"ஊர்ல யாருக்கும் தெரிய வேணாம். என்னைய அடிச்சாலும் தாங்கிக்குவேன். ஒன்னைய ஒரு வார்த்த கேட்டுட்டா தாங்க மாட்டேன் பாப்பா."

அழித்தேன். நிலம் போனபோது வராத அழுகை அப்போது வந்தது. அப்பாவிடம் மிச்சம் இருந்தது பொய் சொல்லாதவர் என்ற அந்த ஒன்றுதான், அதையும் எனக்காக எடுத்துக் கொடுத்துவிட்டார். அவர் சத்தியம் எதுவும் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை மெஹராஜ் மாமி மகள் ரசியாவை அழைத்துக்கொண்டு வந்தார். ரசியா பிளஸ் டூ எழுதிவிட்டு எங்கள் கல்லூரியில் சேரப் போகிறவள். கெட்டிக்காரி, என்னைவிட நல்ல மூளை. மாமி அப்பாவிடம்தான் முதலில் பேசினார்.

"அண்ணே, இவளுக்கும் அந்தப் பாஷைய செவ்வந்தி சொல்லிக் குடுக்கட்டும். நாளைக்கு இவனுங்க மறுபடி வந்தா, ஏமாறாம கேள்வி கேக்க நம்மள்ல ரெண்டு பேராச்சும் வேணும். அந்தப் பய பேசுனது என் போன்ல அப்படியே இருக்கு. அழிக்க மாட்டேன். என்னிக்காவது அவன் மூஞ்சில போட்டுக் காட்டணும்."

அப்பா என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை லேசாக அசைத்தார். மாமி அதைப் பார்க்கவில்லை. பரீட்சை இருக்கிறது, நேரம் இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். நான் பழகிய பொய்தான், தயாராக நாக்கு நுனியில் நின்றது. மாமியின் முகம் அன்று வயலில் பார்த்த அதே முகமாக இருந்தது, ஒரே பதிலை எதிர்பார்க்கிற முகம். ஆனால் இந்த முறை அந்தப் பதில்தான் என்னைத் தூக்கில் போடும்.

நேருக்கு நேர் நின்று உண்மையைச் சொல்லும் துணிச்சல் என்னிடம் இல்லை. இருந்திருந்தால் செப்டம்பரிலேயே சொல்லியிருப்பேன். எனக்கு 'முப்பது' பிடிபட ஒரு மாதம் ஆனது, முழுவதும் பிடிபட ஆறு மாதத்துக்கு மேல். ரசியாவுக்கு அவ்வளவு ஆகாது. பதினோரு குடும்பத்துக்கும் அவள் வாயால் தெரியட்டும். நாளையிலிருந்து வரச் சொல்லுங்கள் என்றேன். அப்பா எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

ஞாயிறு காலை ரசியா புது நோட்டில் அட்டை போட்டு, மேலே 786 எழுதிக்கொண்டு வந்தாள். மாமியும் கூட வந்து வாசலில் பக்கத்து வீட்டு அம்சத்தோடு உட்கார்ந்துகொண்டார். வணக்கம், பெயர் எல்லாம் பிறகு பார்க்கலாம், முதலில் இதை எழுது என்று சொல்லி, அவள் நோட்டில் நானே எழுதிக் காட்டினேன். நோ என்தியேந்தோ. மூன்று முறை சொல்ல வைத்தேன். அவளுக்கு உடனே வந்துவிட்டது.

"இதுக்கு என்னாக்கா அர்த்தம்?"

"எனக்குப் புரியலைன்னு அர்த்தம்."

"மொதப் பாடமே இதுவா?" என்று சிரித்தாள்.

வாசலில் மாமி அம்சத்துக்குப் போனில் வீடியோவைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். ராமிரோவின் குரல் வேகமாக வந்து முடிந்தது. ஒரு கேள்வி. அதற்குப் பின்னால் ஒரு பெண் குரல், 'சி, சி' என்று.

ரசியா நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"அது நீதானேக்கா?"

"நான்தான்" என்றேன். இரண்டாம் வாக்கியத்தை எழுதச் சொன்னேன்.